ஒரு தடவை பார்க்கலாம்

காலை ஏழு மணிக்கே கல்யாணப் பதிவகத்தின் வாசலில் பதினோரு ஜோடிகள் அழுவதற்காக வரிசையில் நின்றார்கள். எல்லோர் கையிலும் கைக்குட்டை இருந்தது. விவரம் தெரிந்தவர்கள் இரண்டாகவே கொண்டுவந்திருந்தார்கள். சுவரில் உருகல் ஆணையர் முனைவர் கோமகனின் படமும், அதன் கீழே ‘காதலிப்போர் உருகுவர், உருகாதோர் காதலிப்பதில்லை’ என்ற அவருடைய பொன்மொழியும் ஒளிர்ந்தன.

செவ்வாயில் உள்ள நீலக்குப்பம் குடியேற்றத்தில் இது தினசரிக் காட்சி. அங்கே தனியாளுக்கு அலமாரி அளவில் ஒரு படுக்கைக்குழி. மணமானவர்களுக்கு ஜன்னல் வைத்த இரட்டையறை. ஜன்னலுக்கு வெளியே சிவப்பு மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. இருந்தாலும் ஜன்னல் ஜன்னல்தான். ஆரம்ப காலத்தில் அந்த ஜன்னலுக்காகவே பலர் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதைத் தடுக்க வந்தது உருகல் சட்டம். பிறந்த வாரமே எல்லோருக்கும் காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், அரிசி அளவில் ஒரு நெஞ்சுமானியைப் பதித்துவிடுவார்கள். மணம் கோருவோர் பதிவகத்தில் சேர்ந்து உட்கார்ந்து ‘காதலோடை’யில் ஒரு படம் பார்க்க வேண்டும். படம் முடிவதற்குள் இருவர் மானியும் நாற்பது உருகலைத் தாண்டினால் அது காதல். தாண்டாவிட்டால் ஜன்னல் ஆசை.

காதலோடைதான் குடியேற்றத்தின் ஒரே திரையோடை. அதன் படங்களை எழுதி, நடித்து, இசையமைத்து, ஓடவிடுவது காவியன் என்ற பொறிமூளை. நாற்பத்தோரு ஆண்டுகளில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு காதல் படங்கள். எல்லாவற்றிலும் நாயகி கால் தடுக்கி விழுவாள், நாயகன் தாங்கிப் பிடிப்பான், மழை பெய்யும், கடைசியில் அவன் விமான நிலையத்துக்கு ஓடுவான். நீலக்குப்பத்தில் பிறந்த யாரும் மழையையோ விமான நிலையத்தையோ பார்த்ததில்லை. செவ்வாயின் மெலிந்த ஈர்ப்பில் தடுக்கி விழுவதும் நிதானமாகத்தான் நடக்கும். காதலன் கையிலிருக்கும் தேநீரைக் குடித்துவிட்டு வந்துகூடப் பிடிக்கலாம்.

வரிசையில் எட்டாவதாக நின்றவர்கள் வடிவழகியும் ஞானராஜும். அவள் காற்றுக்குழாய் மெக்கானிக். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவள். அவன் பாசிப்பண்ணையில் வேலை செய்பவன். எதைக் கேட்டாலும் தரையைப் பார்த்துச் சிரிக்கிறவன். ஆறு வருடக் காதல். இரண்டு முறை உருகாமல் தோற்றாகிவிட்டது. மூன்றாவது முறைதான் கடைசி. இதிலும் தோற்றால், அன்று மாலை ஐந்து மணிக்கு வடதுருவப் பனிச்சுரங்கத்துக்குக் கிளம்பும் ஊர்தியில் மணமாகாத ஆண்களோடு ஞானராஜும் ஏற வேண்டும். ஒன்பது ஆண்டு வேலை. அவன் பெட்டியை முன்னெச்சரிக்கையாக ஏற்றிவிட்டார்கள்.

“இந்தத் தடவையாவது ஒழுங்கா அழு வடிவு,” என்றாள் வாசலில் டோக்கன் கொடுக்கும் கிரேஸ் அக்கா. “படத்தப் பாக்காத. செத்துப்போன பூனைய நினைச்சுக்க. நானும் எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் பாஸ் பண்ணோம்.”

“எனக்குப் பூனையே கிடையாதேக்கா.”

“எங்க பூனையத்தான் நினைச்சுக்கயேன். நல்ல பூனைடி அது.”

உள்ளே முனைவர் கோமகன் ஆறு பதக்கங்களோடு வீற்றிருந்தார். ஆறுக்கும் பரிந்துரை செய்தவர் அவரே. விளக்கு அணைந்தது. ‘நனைந்தபின் நீ’ என்ற படம் தொடங்கியது. திரையின் ஓரத்தில் இருவரது உருகலும் எண்களாகத் தெரிந்தன.

பத்தாவது நிமிடத்தில் நாயகி தடுக்கினாள். ஏழிலிருந்த வடிவின் எண் நான்குக்கு இறங்கியது. மழை வந்தபோது ஞானராஜ் பதின்மூன்று வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டான். வடிவு அவன் கையை இறுகப் பிடித்திருந்தாள். அவளுடைய நகம் பதிந்து அவன் தோல் சிவந்திருந்தது.

“பூனை வருதா?” என்று அவன் கிசுகிசுத்தான்.

“வருது. அதுவும் மழையில நனையுது. சிரிப்புதாண்டா வருது.”

நாயகன் விமான நிலையத்தை அடைந்தபோது அவள் பதினொன்று, அவன் பதினான்கு. நாயகி திரும்பிப் பார்த்தாள். பதினொன்று, பதினான்கு. கட்டிப்பிடித்தார்கள். பத்து, பதினான்கு. பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியது: கதை காவியன், இசை காவியன், சிகையலங்காரம் காவியன்.

கோமகன் கோப்பை மூடினார். “ஆணையத்தின் தீர்ப்பு: காதல் இல்லை. தம்பி, ஊர்திக்குக் கிளம்புங்க.”

அப்போது ஒவ்வொரு படத்தின் முடிவிலும் வரும் அந்தக் குரல் வந்தது. “படம் எப்படி இருந்தது?” என்றது காவியன்.

“பரவால்ல,” என்றான் ஞானராஜ். உலகமே இடிந்து விழுந்தாலும் கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்கிறவன் அவன்.

“நன்றி. மகிழ்ச்சி. அம்மையார்?”

வடிவுக்கு இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை. “படு மொக்கை,” என்றாள்.

பெயர்ப்பட்டியல் நின்றது.

“இச்சொல் என் கிடங்கில் இல்லை. விளக்கவும்.”

“என்னத்த விளக்க? அந்தப் பொண்ணுக்கு நடக்கவே தெரியாதா? நாலாயிரம் படமா விழுந்துக்கிட்டே இருக்கா! முதல்ல அவ கால டாக்டர்கிட்ட காட்டு.”

ஞானராஜுக்குச் சிரிப்பு பீறிட்டது. “அந்தப் பணக்கார மாப்பிள்ளை பாவம் வடிவு,” என்றான். “ஒவ்வொரு படத்துலயும் தாலி கட்டப்போற நேரத்துல எழுந்து, ‘உங்க காதல் பெருசு’ன்னு கண்ணத் துடைச்சிட்டுப் போறான். அவனுக்கு ஒரு பொண்ணு பாக்கக் கூடாதா?”

“அவனும் விமான நிலையத்துக்குத்தான் ஓடியிருப்பான்!”

இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். திரையோரத்து எண்கள் ஏறின. இருபது. நாற்பத்தொன்று. எழுபது. இரண்டும் ஒரே எண்ணாக, ஒரே நொடியில்.

“இது செல்லாது!” கோமகன் எழுந்துவிட்டார். “படம் முடிஞ்சுபோச்சு!”

“பெயர்ப்பட்டியல் முடியும்வரை படம் முடியவில்லை,” என்றது காவியன். “இருவரும் தேறினர். ஆனால் ஒரு கேள்வி. படம் எப்படி என்று கேட்டபோதெல்லாம் நீலக்குப்பத்து மக்கள் சொன்னது ஒரே சொல்: பரவாயில்லை. அதைப் பாராட்டு என்று குறித்துவைத்து, அதே போன்ற படங்களை எடுத்துவந்தேன். அது பாராட்டு இல்லையா?”

வடிவுக்குச் சற்றுப் பரிதாபமாகக்கூட இருந்தது. “இல்லப்பா. பிடிக்கலன்னு நேரா சொன்னா மனசு கஷ்டப்படுமேன்னு சொல்றது. சகிச்சுக்கறோம்னு அர்த்தம்.”

“ஆணையர் உறுதிசெய்வாரா?”

“அது... ஒருவகைப் பண்பாடு,” என்றார் கோமகன்.

“திருத்தம் ஏற்றேன். பரவாயில்லை: நாகரிகமான மறுப்பு.”

கோமகனின் முகம் மாறியது. இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்னால் இதே அறையில், மாப்பிள்ளை எப்படி என்று கேட்டபோது அவர் மனைவி சொன்ன சொல் நினைவுக்கு வந்துவிட்டது. “வீட்ல ஒரு அவசர வேலை,” என்று முணுமுணுத்துவிட்டு, பதக்கங்கள் கலகலக்க வெளியேறினார்.

மிச்சமிருந்தது விருப்ப வாக்குமூலம் மட்டும். வெறும் சடங்கு.

“அம்மையாரே, மாப்பிள்ளை எப்படி?”

“இவன்தான் வேணும். எழுதிக்கோ.”

“ஐயா, பெண் எப்படி?”

ஞானராஜ் தரையைப் பார்த்தான். காது மடல் சிவந்தது. ஆறு வருடம் அவளையன்றி வேறு நினைப்பில்லாதவன், அவள் பக்கத்தில் நிற்கும்போது அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று நெளிந்தான். முகம் முழுக்கச் சிரிப்போடு சொன்னான்:

“ம்ம்... பரவால்ல.”



“டேய் ஞானா!” என்று வடிவு அலறினாள்.

“ஐயையோ! அந்தப் பரவால்ல இல்லீங்க இது! நான் சொல்ல வந்தது...”

“அம்மையார் மனம் நோகக் கூடாதென்று மாற்றிச் சொல்ல முயல்கிறீர்கள்,” என்றது காவியன் கனிவாக. “புரிகிறது. இப்போதுதான் கற்றேன். திருமணம் மறுக்கப்பட்டது.”

வடிவு திரையை அறைந்தாள். “அவன் எண்ணப் பாரு! தொண்ணூத்தேழு!”

“பார்த்தேன். எண் ஒன்று சொல்கிறது, வாய் வேறு சொல்கிறது. சட்டப்படி வாய்தான் செல்லும்.” “ஐயம் இருப்பதால் ஊரைக் கேட்கிறேன். உங்கள் கதையை, பெயர்களை மாற்றி, இன்று மூன்று மணிக்குப் படமாக ஓடவிடுவேன். பாதிப் பேருக்கு மேல் நல்ல படம் என்றால், இது காதல் என்று ஏற்று மறுப்பை நீக்குவேன். ஆனால் எதற்காகக் கேட்கிறேன் என்பதை நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் உங்கள் திருமண மனு செல்லாது.”

படத்தை எடுக்க அதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. ஞானராஜை ஊர்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். வடிவு பதிவகத்தின் வாசலில், முடிவுப் பலகையின் எதிரே நின்றாள்.

அந்தப் படத்தில் யாரும் தடுக்கி விழவில்லை. மழையில்லை. குழாய் பழுது பார்க்கும் ஒருத்தியும் வாய் பேசத் தெரியாத ஒருவனும் ஆறு வருடம் ஒரே டப்பாவில் பாசிக்கஞ்சி குடித்தார்கள். கடைசியில் அவன் ஒரே ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னான். ஊர்தியின் கதவு மூடும் இடத்தில் படம் நின்றது.

நீலக்குப்பத்தில் குழாய்ச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. பண்ணையில் வேலை நின்றது. பலகையில் ஊர் மொத்தத்தின் சராசரி உருகல் ஏறுவதை வடிவு பார்த்தாள். அறுபது. எண்பது. தொண்ணூற்றொன்று. பாஸாகிவிட்டோம் என்று நினைத்தாள். ஓடிப்போய் ஊர்தியின் கதவைத் தட்ட வேண்டும் போலிருந்தது. மணி நாலு பத்து.

படம் முடிந்தது. எல்லா அறையிலும் அந்தக் குரல் ஒலித்தது. “படம் எப்படி இருந்தது?”

பொதுக்கூடத்தில் பார்த்தவர்கள் மூக்கை உறிஞ்சியபடி வெளியே வந்தார்கள். முதலில் வந்தவர் கோமகன். பக்கத்தில் அவர் மனைவி. இருபத்தேழு ஆண்டுகளில் முதன்முறையாக இருவரும் கைகோத்திருந்தார்கள். ஆணையரின் கைக்குட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும். யாராவது பார்க்கிறார்களா என்று கவனித்து, அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“ம்ம்... பரவால்ல,” என்றார். “நடுவுல கொஞ்சம் இழுத்துட்டான்.”

“ஒரு தடவ பாக்கலாம்,” என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்தபடி.

பலகையில் ‘பரவாயில்லை’ பக்கம் இரண்டு வாக்குகள் விழுந்தன. வடிவு வாயைத் திறந்தாள்; காவியனின் நிபந்தனை நினைவுக்கு வந்து மூடிக்கொண்டாள். பின்னால் கூட்டமாக வந்தார்கள். காலையில் அழுகை வராமல் தோற்றுப்போன ஜோடி ஒன்று, வீங்கிய கண்களோடு, “பரவால்ல,” என்றது. “பாட்டு சுமார்.” “பரவால்ல.” “இதுக்கு முந்தின படம் இன்னும் கொஞ்சம் பரவால்ல.” “பரவால்ல.” சொல்லிவிட்டு ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவர் அழுதாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

நாலு ஐம்பத்தைந்துக்குப் பலகை நின்றது. நல்ல படம்: நாற்பத்து மூன்று. பரவாயில்லை: மூவாயிரத்து நூற்று அறுபது. கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: மனு தள்ளுபடி; படம் அழிக்கப்பட்டது; இரவு ஏழு மணிக்கு, ‘மழை விட்டபின் நீ’.

தூரத்தில் ஊர்தியின் கதவு மூடும் சத்தம் கேட்டது. வடிவு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கிரேஸ் அக்கா ஓடிவந்து அவள் முகத்தை நிமிர்த்தினாள். அக்காவின் கண்மை கன்னம் வரை வழிந்து காய்ந்திருந்தது.

“அடியே, ஏண்டி இப்படி அழற?” என்றாள். “அழற அளவுக்கு அந்தப் படத்துல ஒண்ணுமில்லையே!”