போக ஏழு மணி, வர ஒன்றே முக்கால்

"போறவா போகலாம்... எங்கிட்ட யாரும் சொல்லிக்க வேண்டாம்!"

காலை ஆறு மணிக்கே யக்ஞநாராயணனின் குரல் செம்பாக்கம் வீட்டின் கூடத்தில் கணீரென்று ஒலித்தது. லோகநாயகி பிரசவ லேகிய டப்பாவைப் பெட்டிக்குள் புடவைகளுக்கு நடுவே பொதிந்து வைத்தாள். சிங்கப்பூரில் மருமகள் சின்மயிக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் பேரன் பிறந்தபோது, கணவரின் வைராக்கியத்துக்காக மனதைக் கல்லாக்கிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டாள். இந்த முறை முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன், பெருங்களத்தூரில் அவருடைய அண்ணா லக்ஷ்மிநாராயணன் காலமானார். பிள்ளையில்லாத அவருக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன், சிங்கப்பூரில் இருக்கும் இவர்கள் பிள்ளை கிரீஷ். விடிகாலை ஆறு மணிக்குச் செய்தி சொல்லியும், எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து நின்றான்.

"கிடைச்ச முதல் பிளைட்லப்பா... நாலு மணி நேரத்துக்கு மேல பறந்து..." என்று அழுதவனின் சட்டைப் பையிலிருந்து யக்ஞநாராயணன் டிக்கெட்டை உருவிப் படித்தார். "புளுகாதே! போ வெளியே!"

அன்றோடு பேச்சு நின்றது. டிக்கெட்டை அவர் பீரோவில் பூட்டிவிட்டார். அதில் என்ன கண்டார் என்று லோகநாயகியிடம்கூடச் சொன்னதில்லை. "என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான்" என்பதைத் தவிர அவளிடமும் வேறு வாதம் இல்லை.

"உன் டிக்கெட்டைக் காட்டு" என்று இப்போது மனைவியிடம் கை நீட்டினார்.

கோபம் கோபம்தான். ஆனாலும் முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவருக்கு, நேரம் பார்க்காமல் யாரையும் வழியனுப்பத் தெரியாது.

"பத்தேகாலுக்குப் புறப்பட்டு அஞ்சேகாலுக்குச் சேரும்... ஏழு மணி நேரமா? அங்கேர்ந்து வர்றதுக்கு ஒண்ணே முக்கால்தானே!"

"யார் சொன்னா?"

"உன் பிள்ளையோட டிக்கெட்! பன்னண்டரைக்கு ஏறி ரெண்டேகாலுக்கு இறங்கியிருக்கான். ஆறு மணிக்குச் சேதி கேட்டவன், பன்னண்டரை வரைக்கும் அங்கே என்ன பண்ணிண்டிருந்தான்?"

லோகநாயகி பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள். மூன்று வருஷம்... இதற்காகவா!

"ஏன்னா, இப்போ அங்கே மணி என்ன தெரியுமோ? எட்டரை! நமக்கு ரெண்டரை மணி முன்னாடி. தினம் அவனோட பேசறவ நான். டிக்கெட்ல அந்தந்த ஊர் மணிதான் போட்டிருக்கும். உங்க ரயிலுக்குத்தான் கன்யாகுமரியிலேர்ந்து காஷ்மீர் வரைக்கும் ஒரே கடிகாரம்!"

அவர் பீரோவைத் திறந்தார். இரண்டு டிக்கெட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேப்பரின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார். அங்கே பன்னிரண்டரை என்றால் இங்கே பத்து. பத்திலிருந்து இரண்டேகால், நாலேகால் மணி நேரம். ஏழில் இரண்டரை போனால் நாலரை. கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர். அதற்கு இதுதான் சரியான ஓட்டம்.

பென்சில் விரலிலிருந்து நழுவியது.

"சேதி கேட்ட நாலு மணி நேரத்துல ஏறியிருக்கான்டி... குழந்தையை நான் வாசல்லயே நிறுத்தி..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "போனைப் போட்டுக் குடு."

"சொல்லும்மா, கிளம்பியாச்சா?" என்றது மறுமுனை.

"அம்மா இல்லடா... அப்பா."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கிரீஷ்... அன்னிக்கு நீ லேட் இல்லடா. ரைட் டைம். பார்த்தவன் கணக்குதான் தப்பு."

"அப்பா!..." விம்மல் வெடித்தது. "நீயும் வாப்பா..."

"வராம? முதல்ல பாஸ்போர்ட் எடுக்கணும்."

வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போய் வைத்தார். பிறகு, வேலையில் இருந்த நாளெல்லாம் ஒரு நிமிஷம் பிசகவிடாத தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை இரண்டரை மணி முன்னால் திருப்பி, மறுபடி கட்டிக்கொண்டார்.

லோகநாயகி பார்த்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக டாக்ஸி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஏன்னா... மாத்திரை போட்டுக்கறதுக்கு மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கோ!"