ஒன்பதாவது கம்பியில் நின்ற வண்டி

"அந்த வண்டியை நம்பிப் போகாதீங்க கனி! பாதி வழியில நின்னுடும். அப்புறம் ஒருத்தருக்குப் பதிலா ரெண்டு பேரைத் தேடணும்!"

முகாம் இன்ஜினியர் பிரகதீஸ் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். டிரைவர் நாகூர்கனி நிற்கவில்லை. பத்து லிட்டர் தண்ணீர்க் கேனைப் பழைய பிக்கப்பின் முன்சீட்டில் வைத்து, பெல்ட்டை இழுத்துக் கட்டினான்.

"மத்த ரெண்டு வண்டியும் டவுன்ல இருந்து எப்ப சார் வரும்?"

"சாயங்காலம் ஆயிடும்."

"தவசிகிட்ட இருந்தது ஒரே ஒரு பாட்டில் தண்ணி. சாயங்காலம் வரைக்கும் தாங்குவானா?"

பிரகதீஸ் கூடவே ஏறவும் வழியில்லை. வயர்லெஸ்ஸை விட்டு அவர் நகர முடியாது. முகாமில் இருந்த மற்ற மூன்று பேரும் விடிந்ததிலிருந்து நடந்தே தேடிக் கால் ஓய்ந்து கிடந்தார்கள்.

ஓமான் பாலைவனத்தின் உட்பகுதியில் நிலம் அளக்கும் முகாம் அது. முகாமிலிருந்து தெற்கே, கிலோமீட்டருக்கு ஒன்றாக இருபது இரும்புக் கம்பிகள் நட்டிருந்தார்கள். நேற்று மாலை ஐந்தாவது கம்பிக்குக் கொடி கட்ட நடந்தே போனான் உதவியாளன் தவசி. அவன் போன சற்று நேரத்தில் மணற்காற்று கிளம்பியது. ஆள் திரும்பவே இல்லை.

கனி கிளம்பினான். முகாமைச் சுற்றித் தண்ணீர் இழுப்பதற்கு மட்டுமே வைத்திருந்த கிழட்டு வண்டி அது. ஆறியிருந்தால் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். என்ஜின் சூடேறிவிட்டால் பட்டென்று நின்றுவிடும். பெட்ரோல் ஃபில்டரை மாற்றிப் பார்த்தார்கள், கார்புரேட்டரைக் கழுவிப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

ஐந்தாவது கம்பி வந்தது. கொடி கட்டியிருந்தது, ஆளில்லை. ஆறு, ஏழு, எட்டு... ஒன்பதாவது கம்பியை நெருங்கும்போது என்ஜின் ஒரு முறை குலுங்கி, மூச்சு நின்றதுபோல் அடங்கியது.

கனி இறங்கினான். சுற்றிலும் மணல். காற்றுகூட இல்லை. தன் மூச்சு தனக்கே கேட்டது. கம்பியைப் பார்த்ததும் திடுக்கிட்டான். நீலக்கட்டம் போட்ட துண்டுத் துணி ஒன்று அதில் முடிச்சுப் போட்டிருந்தது. தவசியின் தலைத்துண்டு!

"அட பாவமே! முகாமுக்குப் போறோம்னு நெனச்சு எதிர்த்திசையில நடந்திருக்கானே!"

அப்படியானால் இன்னும் தெற்கே போக வேண்டும். சாவியைத் திருகினான். மோட்டார் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. ஆறட்டும் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தால் கிளம்பும். மறுபடி பாதியில் நிற்கும். அதற்குள் தவசி?

'நோய் இருக்கும்போதுதானே நாடி பிடிக்கணும்? முகாமுக்கு இழுத்துட்டுப் போறதுக்குள்ள ஆறிடுது, அப்புறம் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? இப்பப் பார்த்துடணும்!'

பானெட்டைத் தூக்கினான். ரேடியேட்டர் கொதிக்கவில்லை. கார்புரேட்டரின் வாயைத் திறந்து, ஆக்சிலேட்டர் கம்பியை விரலால் இழுத்தான். பெட்ரோல் சுரீரென்று பீய்ச்சியது. பெட்ரோல் வருகிறது! அப்படியானால் தீப்பொறிதான் வரவில்லை. கார்புரேட்டரை இறுக மூடிவிட்டு, ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு சேர்த்து இரும்பின் மேல் வைத்தான்.

இங்கேதான் சிக்கல். சாவியைத் திருக வண்டிக்குள் ஒருவர் வேண்டும். பொறியைப் பார்க்க வெளியே ஒருவர் வேண்டும்.

"யாராச்சும் சாவியைத் திருப்புங்கப்பா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். வெறும் மணலைப் பார்த்துச் சொன்னான். இரண்டு வருடமாக அவன் தனியாகத்தான் சாப்பிட்டான், தனியாகத்தான் தூங்கினான். நிலம் அளக்கும் பையன்கள் இன்னொரு காண்ட்ராக்டரின் ஆட்கள். அவர்கள் கூட்டத்தில் போய் உட்கார அவனுக்குக் கூச்சம். அப்போதெல்லாம் உறைக்காத தனிமை, ஒரு சாவியைத் திருக ஆளில்லாத இந்த இடத்தில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டான். கியரை நியூட்ரலில் போட்டு, சாவியை ஆன் செய்துவிட்டு, நீண்ட ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். வெயிலில் பொறி தெரியாது. ஆகவே சீட்டில் கிடந்த லுங்கியை விரித்துத் தலைக்கும் என்ஜினுக்குமாகப் போர்த்திக்கொண்டான். அந்த இருட்டுக்குள் ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டான். என்ஜின் கடகடவென்று சுற்றியது. பிளக்கில் ஒரு துளி வெளிச்சம்கூட இல்லை!

பிளக்குக்குப் பொறியை அனுப்புவது காயில்தான், உள்ளங்கை நீளத்தில் ஓர் உருளை. அதைத் தொட்டவன் "ஆ!" என்று கையை உதறினான். தோசைக்கல் மாதிரிக் கொதித்தது. கேனிலிருந்து ஒரு மூடித் தண்ணீரை அதன்மேல் விட்டான். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. மறுபடி, மறுபடி. திரும்பவும் முனைகளைத் தொட்டதும், இருட்டுக்குள் சடக் சடக்கென்று நீலப்பொறி!

"மாட்டிக்கிட்டியாடா!" என்று கூவினான் கனி.

சூட்டில் செத்து, குளிர்ந்தால் பிழைக்கிற காயில்! மாற்றுக் காயில் இல்லை. ஈரத்துணி சுற்றினால் ஓட்டலாம். ஆனால் தண்ணீர்? கேனில் இருப்பது தவசியின் உயிர். ஒரு நிமிடம் யோசித்தவன், கண்ணாடி துடைக்கும் தண்ணீர் டப்பாவைத் திறந்தான். சோப்பு கலந்து குடிக்கத் தகாத தண்ணீர், இரண்டு லிட்டர் தேறும்! பிளக்கை மறுபடி மாட்டினான். லுங்கியைக் கிழித்துக் காயிலில் சுற்றி நனைத்தான். பானெட்டை முழுதாக மூடாமல், காற்று புகும்படி மரத்துண்டு ஒன்றைச் செருகிக் கட்டினான்.

வண்டி கிளம்பியது! இரண்டு கம்பிக்கு ஒரு முறை இறங்கித் துணியை நனைத்தான். பதினான்காவது கம்பிக்கு அப்பால், முள்மரத்தின் நிழலில் ஒரு சட்டை தெரிந்தது.

"தவசி! டேய் தவசி!"

உதடு வெடித்து, கணுக்கால் வீங்கிக் கிடந்தான் தவசி. கண் திறந்தது. "அண்ணே... எத்தனாவது கம்பிண்ணே இது?"

"பேசாத. மடக்கு மடக்கா குடி. அவசரப்படாத!"

ஐந்து நிமிடம் முகத்தை நனைத்தும் குடித்தும் தவசி சற்றுத் தெளிந்த பிறகு அவனைத் தூக்கிச் சீட்டில் உட்கார வைத்து, வண்டியைத் திருப்பினான். நாலாவது கம்பியருகே சோப்புத் தண்ணீர் தீர்ந்தது. சற்று நேரத்தில் என்ஜினும் நின்றது.

கேனில் பாதித் தண்ணீர் இருந்தது. தவசி கை நீட்டிக் காட்டினான். "அதை ஊத்துங்கண்ணே. எனக்குப் போதும்."

"வண்டிக்கு ஒரு சொட்டுகூடக் குடுக்கமாட்டேன். அது தானா ஆறட்டும். நீ குடி."

வண்டிக்கு அடியில் கிடைத்த நிழலில் இருவரும் படுத்தார்கள். முக்கால் மணி நேரம்.

"உங்க ஊரு எதுண்ணே? ரெண்டு வருசமா பாக்குறேன், கேட்டதே இல்ல."

"கீழக்கரை."

"அட! நான் சாயல்குடிண்ணே! பஸ் ஏறுனா ஒரு மணி நேரம்!" தவசி சிரிக்கப் பார்த்தான். உதடு வலித்து முகம் சுளித்தான். "நீங்க யார்கூடவும் பேசமாட்டீங்க. கோவக்காரர்னு நெனச்சோம்."

"நீங்க கூப்பிடலைன்னு நான் நெனச்சேன்" என்றான் கனி மெதுவாக.

காயிலைத் தொட்டுப் பார்த்தான். ஆறியிருந்தது. மிச்சத் தூரம் முழுவதும் ஒரே மூச்சில்! முகாமுக்குள் வண்டி நுழைந்தபோது, டவுனிலிருந்து வந்த இரண்டு வண்டிகளும் தேடப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. ஆட்கள் கூச்சலிட்டு ஓடிவந்தார்கள். காயில் கதையைக் கேட்ட பிரகதீஸ் கனியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஆறு மாசமா யாருக்கும் பிடிபடாத கோளாறை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அது நிக்கிற எடத்துல நாமளும் நிக்கணும் சார். வேற ஒண்ணுமில்ல."

ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் தவசியை ஏற்றினார்கள். கனி ஒதுங்கி நின்றான். தவசி அவன் கையை எட்டிப் பிடித்தான்.

"எங்கண்ணே போறீங்க? ஏறுங்க."

எல்லாரும் நகர்ந்து இடம் விட்டார்கள். கனி ஏறி, தவசியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.