நீலமாகிப் போன முட்டைக்கோஸ்

பெயர் என்னவோ சிவப்பு முட்டைக்கோஸ். பார்த்தால் ஊதா. அந்த வெள்ளிக்கிழமையோ, அது சிவப்பும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல் பேனா மை போல நீலமாகி, ஒரு மனிதரின் வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்தது.

அந்த மனிதர் பள்ளிக்கூடத்தின் புதுச் சமையல்காரர். "ஒரு வாரம் சமைச்சுக் காட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். அன்றுதான் கடைசி நாள். முதல் நான்கு நாளும் மிச்சச் சாப்பாட்டு வாளி நிரம்பி வழிந்தது.

அவருடைய மகள் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுவதால் எல்லோரும் அவளைச் சில்வண்டு என்றே கூப்பிட்டார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. அதற்கு அவளுக்கு நேரம் ஏது?

முட்டைக்கோஸ் சமைக்கச் சொன்னவர் பள்ளி நர்ஸம்மா. அந்த வாரம் அவர் பிள்ளைகளைப் பரிசோதித்தார். பலருக்கு உதட்டில் வெடிப்பு, கையில் வறட்சி.

"காயும் பழமும் தொடாம பன்னும் பிஸ்கட்டுமாத் தின்னா வேற எப்படி இருக்கும்?" என்று அலுத்துக்கொண்டார். பிறகு ஒரு சிவப்பு முட்டைக்கோஸைத் தூக்கிக் காட்டினார். "இதுல வைட்டமின் சி நிறைய இருக்கு. தோல் நல்லா இருக்க அது வேணும்."

கண்ணாடி போட்ட பையன் ஒருவன் உடனே ஓர் இலையைக் கிள்ளிக் கன்னத்தில் தேய்க்க ஆரம்பித்தான்.

"டேய், தேய்ச்சுக்கறதுக்கு இல்லடா! மென்னு முழுங்கறதுக்கு!"

சமையல்காரரிடமும் அவர் சொன்னார். "ரொம்ப வேகவைக்காதீங்க. சத்தெல்லாம் தண்ணியோட போயிடும்."

சமையல்காரர் தலையாட்டினார். ஆட்டியதோடு சரி. பதினைந்து வருடம் தொழிற்சாலை ஒன்றில் முந்நூறு பேருக்குச் சமைத்தவர் அவர். முரட்டுக் காய் எது வந்தாலும், சீக்கிரம் வேக ஒரு கை சமையல் சோடா போடுவார். அன்றும் கை அதன் பாட்டுக்குப் போட்டுவிட்டது.

அந்தப் பள்ளியில் தினமும் பதினொரு மணிக்கு ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒருவர் சமையலறைக்குச் சீட்டுக் கொண்டுபோக வேண்டும். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும். அன்று சில்வண்டின் முறை.

"அப்பா, எங்க கிளாஸ்ல முப்பத்திரண்டு, ஒருத்திக்குக் காய்ச்சல், அப்புறம்..."

பானையைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"என்னப்பா இது?"

"கோஸ்தான்."

"நீலமா இருக்கு?"

"எனக்கும் கண்ணு தெரியுதும்மா."

அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "போச்சு. சோடா போட்டது தப்பாப் போச்சு. இதை எந்தப் பிள்ளை தொடும்? பெரிய டீச்சர் வேற இன்னிக்குச் சாப்பிட வர்றாங்க. மறுபடியும் வேலை தேடி அலைய வேண்டியதுதான்."

தொழிற்சாலை மூடியபின் அப்பா மூன்று மாதம் வீட்டில் இருந்தார். ஒரே செய்தித்தாளை நாள் முழுவதும் படிப்பார். அதை நினைத்த சில்வண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், மேடையில் கிடந்த அரை எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிசைந்தாள். மேடையில் சிந்தியிருந்த நீலத் தண்ணீரில் சாறு சொட்டியது.

சொட்டிய இடம் ரோஜா நிறமானது.

"அப்பா! இங்க பாருங்க!"

ஒரு கிண்ணத்தில் நீலக் கோஸை எடுத்து, அதில் எலுமிச்சை பிழிந்தார்கள். குமிழி குமிழியாகப் பொங்கியது. நீலம் போயே போய்விட்டது.

அப்பா துள்ளி எழுந்தார். "பானை முழுக்கப் பிழிஞ்சுடலாம். யாருக்கும் தெரியாது!" ஒரு வாய் எடுத்துப் போட்டார். முகம் அஷ்டகோணலானது. "தூ! களி மாதிரி குழைஞ்சிருக்கு. கலர் மாறி என்ன புண்ணியம்?"

"வேகவைக்காத கோஸ் இருக்கா?"

"கூடையில பாதி இருக்கு."

"அதைப் பச்சையாவே மெல்லிசாச் சீவிடுங்க. நர்ஸம்மா சொன்னதும் அதானே? அது சாப்பிட. இந்த நீலத் தண்ணி வேடிக்கை காட்ட."

"தப்பை நாமளே ஊருக்குக் காட்டறதா?"

"ஒளிச்சு வச்சாதான்ப்பா மாட்டிக்குவோம்."

அப்பா அவளை ஒரு நொடி பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார்.

மதியம் ஒவ்வொரு தட்டிலும் சாதத்தோடு ஒரு குவியல் கோஸ் சீவல். உப்பு, எலுமிச்சைச் சாறு, துளி சர்க்கரை. பக்கத்து மேசையில் பெரிய கண்ணாடிப் பாத்திரம் நிறைய நீலத் தண்ணீர்.

"ஐயய்யோ, உங்கப்பா மையையா காய்ச்சினாரு?" என்று கத்தினான் கண்ணாடிப் பையன்.

சில்வண்டு ஒரு கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, எலுமிச்சை பிழிந்தாள். நீலம் ஊதாவாகி, ஊதா ரோஜாவானது.

"எனக்கு! எனக்கு!"

"தட்டைக் காலி பண்ணிட்டு வா. அப்பதான் கோப்பை."

ஒரு சிறுமி மூக்கைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தாள். இரண்டாவது வாயில் மூக்கை விட்டுவிட்டாள். கூடம் முழுக்கக் கறுக் மொறுக் சத்தம்.

தலைமை ஆசிரியை வந்து நின்றார். "இது ஏன் நீலமா இருக்கு?"

சில்வண்டு வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "என் தப்புதான் டீச்சர். நர்ஸம்மா சொல்லியும் கேக்காம, பழக்கதோஷத்துல சோடா போட்டுட்டேன். பாதி கோஸ் வீணாப் போச்சு."

தலைமை ஆசிரியை ஒரு தட்டை வாங்கிக்கொண்டார். உட்கார்ந்து, தம் தட்டிலிருந்த சீவலை ஒரு நார் விடாமல் தின்றார். பிறகு எழுந்துபோய் வரிசையில் நின்றார். தம் முறை வந்ததும் கோப்பையில் எலுமிச்சை பிழிந்து, நிறம் மாறும்வரை கண் கொட்டாமல் பார்த்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

போகிற வழியில் மிச்சச் சாப்பாட்டு வாளியை எட்டிப் பார்த்தார். அதில் எலுமிச்சைத் தோல்தான் கிடந்தது.

"திங்கட்கிழமை என்ன காய்?" என்று கேட்டார்.

அப்பா விழித்தார். "திங்கட்கிழமையா? எனக்கு இன்னிக்குத்தானே கடைசி..."

சில்வண்டு அவர் முழங்கையில் ஓர் இடி இடித்தாள். "அப்பா! கேக்கறாங்கல்ல? சொல்லுங்க!"

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"பீன்ஸ் டீச்சர்," என்றார். "சத்தியமா சோடா போடமாட்டேன்!"