நீலச் சேலைக்காரியின் அடவு

அன்று மத்தியானம் எலினாவின் வலது முழங்கால் வலிக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அவள் ஏனோ அதை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், மூடிக்கிடந்த நூல்மில் ஒன்றைக் கழுவித் துடைத்து, பல நாடுகளிலிருந்து ஆறு நடனக்காரிகளை அழைத்து ஒரு மாதம் தங்கவைத்திருந்தார்கள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். சனிக்கிழமை ஆடிக்காட்டுவது அழைத்தவர்களுக்குப் பிடித்துப்போனால் அடுத்த வருஷம் வெளிநாட்டு மேடை. இல்லையென்றால், தேய்ந்த முழங்காலோடு இருப்பவளை இனி யார் கூப்பிடப்போகிறார்கள்? அந்தப் பயம் எலினாவைத் தின்றுகொண்டிருந்தது.

அதனால்தான், மிஷின்களைப் பெயர்த்தெடுத்த கூடத்தின் கடைசியில், பழைய பஞ்சு வாடையும் எண்ணெய்ப் பிசுக்கும் மண்டிய மங்கல் வெளிச்சத்தில், நீலச் சேலைக்காரி ஒருத்தி வெறுங்காற்றில் கையை நீட்டி நீட்டி நடப்பதைப் பார்த்ததும், யாரம்மா நீ என்று கேட்கக்கூடத் தோன்றாமல், தொழில்காரிக்கே உரிய பேராசையில் அந்த அசைவை அப்படியே உடம்பில் ஏற்றிக்கொண்டாள். நாலு எட்டு நடை. குனிந்து ஒரு கிள்ளல். விரலில் ஒரு முறுக்கல். வெடுக்கென்று இடப்பக்கம் கழுத்து. மூன்றே நாளில் மற்ற ஐந்து பேருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாள். ஆட ஆட வலி விட்டது. கழுத்து மட்டும் சாப்பிடும்போதும் சாய்ந்தே இருந்தது.

அன்று மத்தியானம் ஒத்திகை நடக்கையில், கூடம் பெருக்க வந்த அழகுத்தாய் வாசலிலேயே நின்றுவிட்டாள். மில் ஓடிய காலத்தில் இங்கே இருபது வருஷம் வேலை பார்த்தவள்.

"இத யாரு தாயி ஒங்களுக்குச் சொல்லிக்குடுத்தா?"

"நீலச் சேலையில ஒரு அக்கா. தெனம் இங்கதான நிக்காங்க?" என்றாள் எலினா, முன்பு இந்தப் பக்கத்தில் நடனம் படித்தபோது ஒட்டிக்கொண்ட தமிழில்.

"இங்க வேலைக்கு வாரவ நான் ஒருத்திதான்." அழகுத்தாய் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "அது இழை ஒட்டுத வேல. அந்துபோன நூல நடந்துக்கிட்டே ஒட்டணும். ஆனா அந்தக் கழுத்து வேலையில கெடையாது. எங்கூட வேல பாத்த மாரீஸ்வரி, நீலச் சேலதான் கட்டியிருந்தா, அவ சடை மிஷின்ல சுத்துனப்ப கழுத்த அப்படித்தான் இழுத்துச்சு. நிப்பாட்டுங்க தாயி. பொறவு நடந்தத நான் கண்ணால பாத்தவ."

எலினா நிறுத்தப் பார்த்தாள்.

கால் கேட்கவில்லை. நாலு எட்டு. கிள்ளல். முறுக்கல். பாட்டு எப்போதோ நின்றிருந்தது. அதற்குப் பதிலாகத் தரைக்கடியிலிருந்து ஓர் இரைச்சல், உள்ளங்கால் வழியாக, எலும்புக்குள் ஏறியது.

"நிறுத்துங்க!" என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

யாரும் நிறுத்தவில்லை. கொரியாக்காரி அழுதுகொண்டே கிள்ளினாள். அழுதுகொண்டே முறுக்கினாள்.

கழுத்து சாய்ந்தது. ஆறு பேருக்கும். ஒரே நேரத்தில்.

கொண்டை முடிச்சுகள் அவிழ்ந்தன. ஆறு தலைமுடியும் அந்தரத்தில் எழும்பி, இழுத்துக்கட்டிய கயிறாக விறைத்தன. மறுமுனையில் ஒன்றுமே இல்லை. இரைச்சல் கூடியது. முதலில் குதிகால்கள். பிறகு விரல்நுனிகள். ஆறு ஜோடிக் கால்களும் மெதுவாகத் தரையை விட்டன.