வலது கன்னத்து மச்சம்

காகிதப் பட்டறையில் ஒரு மாதம் தங்கி வேலை செய்ய எனக்கு அழைப்பு வந்திருந்தது. பெட்டி நிறைய அக்காவின் பருத்திச் சட்டைகளோடு போய் இறங்கினேன். அவற்றை அரைத்துத் தாளாக்க வேண்டும். அவள் முகத்தை மரக்கட்டையில் செதுக்கி, அந்தத் தாளில் அச்சடிக்க வேண்டும். மாதக் கடைசியில் அம்மா பார்க்க வருவாள்.

நாங்கள் இரட்டையர். ஏழு நிமிடம் முந்திப் பிறந்த தெம்பில் அக்கா என்னை வாழ்நாள் முழுக்க அதிகாரம் செய்தாள். அவளுக்கு மச்சம் இடது கன்னத்தில், எனக்கு வலதில். அதை வைத்துத்தான் அம்மாவே அடையாளம் சொல்வாள். அன்றைக்குப் படகில் போக வேண்டியவள் நான். சோம்பலில் அவளை அனுப்பிவிட்டேன். படகு கவிழ்ந்து அவள் போனதிலிருந்து என்னால் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார முடிந்ததில்லை.

கூழ்த் தொட்டி இருந்த கூடத்தில் நனைந்த துணி வாடையும் மை வாடையும் மூச்சை அடைத்தன. சட்டைகள் பத்துத் தாளுக்குத்தான் தேறின. பத்தையும் அச்சடித்துக் கொடியில் மாட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

மச்சம் வலது கன்னத்தில் இருந்தது.

கட்டையில் முகத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அவசரத்தில் அதைக் கோட்டை விட்டிருந்தேன். அக்காவின் சட்டைத் தாளில் பத்து முறை என் முகமே தொங்கியது. வேறு சட்டையும் இல்லை. தாள்களை மறுபடி கூழாக்கிவிடலாம் என்று கிழிக்கத் தொடங்கினேன்.

பட்டறையை நடத்தும் காகிதக்காரர் குறுக்கே வந்து நின்றார். முகம் அச்சான தாளை இங்கே எரிப்பார்களே தவிர, தொட்டியில் போட மாட்டார்களாம்.

"உயிரோட இருக்கிறவங்க மொகத்த முக்காதீங்கம்மா," என்றார் மெதுவாக. "கூழுக்கு யாரு எவருன்னு தெரியாது."

அவர் சாப்பிடப் போனதும் போட்டுவிட்டேன்.

துண்டுகள் மூழ்க மறுத்தன. கூழ் கலக்கும் கழியால் அமுக்கினேன். தொட்டியை உள்ளேயிருந்து யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள்.

ஒரு முறை.

பிறகு விடாமல்.

குழாய்ச் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வலது கன்னம் அரிக்க ஆரம்பித்தது. புதுக் கட்டையைச் செதுக்கிய மூன்று நாளும் அரித்தது. அதே கூழில் மறுபடி பத்துத் தாள் எடுத்து அச்சடித்தேன். இந்தத் தடவை மச்சம் சரியாக இடது கன்னத்தில் விழுந்தது. பத்துத் தாளையும் இரண்டு முறை சரிபார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாதக் கடைசி நாளில் அம்மா மாலை நான்கு மணிக்கு வந்தாள். கொடிக்கு எதிரே வெகுநேரம் நின்றாள். பிறகு ஒரு தாளைத் தொட்டு அழுதாள்.

"தங்கச்சிய அப்படியே செதுக்கியிருக்கியே, பெரியவளே."

தாள்களைப் பார்த்தேன். பத்திலும் மச்சம் வலது கன்னத்தில்.

என் வலது கன்னத்தைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. அம்மா, நான் சின்னவ என்று சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டையில் கூழ் அடைத்தது.

தொட்டிக்குள்ளிருந்து மறுபடி அந்தத் தட்டல். இப்போது என் உள்ளங்கைகள் வலித்தன.

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"குழாய்ச் சத்தம்மா," என்றாள் அக்கா, என் வாயால்.