மூன்றாவது தடம்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வயர்லெஸ் வந்தார். மழையில் ஊறிப்போயிருந்த பழைய மரக்கதவு நிலையில் உரசி முனகியது. மாடியறையில் இருந்த கொழுந்தனுக்கு அதையடுத்துப் படியேறும் சத்தம் கேட்டது. ஒரு கால் ஊன்றி விழும். மற்றது பின்னால் இழுபட்டு வரும். ஊன்றல், இழுப்பு. ஊன்றல், இழுப்பு. வலது கால் கால்பந்து ஆடும்போது முறிந்தது என்று சொல்லியிருந்தார்.

"என்ன பல்லு டாக்டரே, வாயே திறக்காம என்ன வேலை?"

அவன் டாக்டரல்ல. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுப்பவன். ஓய்வு நேரத்தில் அதே ஊசிகளையும் அரங்களையும் வைத்து உள்ளங்கை அளவு வாகனங்கள் செய்வான். இப்போது மேசைமேல் இருந்தது ராணுவ மோட்டார் சைக்கிள், நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. பக்கத்தில் ஒட்டிய சைடுகார், சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய மூன்று சக்கரங்கள், இருக்கையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிப்பாய்.

அந்தச் சிப்பாய் அவனுடைய அண்ணன். ராணுவத்தில் தபால் கொண்டுபோன வண்டிக்காரன். நான்கு வருடங்களுக்கு முன் மழையில் மலைச்சாலையில் வண்டி கவிழ்ந்தது. அடியில் சிக்கியவனை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள். அன்று முகாமில் வயர்லெஸ் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னவர் இவர், பெயரே அதுவாகிவிட்டது. சாவுச் செய்தியோடு வந்தவர், அதன்பின் வருவதை நிறுத்தவேயில்லை. இன்னும் எட்டு நாளில், திங்கட்கிழமையன்று, அண்ணியும் அவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறார்கள்.

"அவர் கடைசியா ஓட்டின வண்டியை, அந்த ரோட்டோட செஞ்சு குடுங்க தம்பி. இந்த வீட்டுல அதை வச்சிட்டுத்தான் நான் கிளம்பணும்" என்று கேட்டிருந்தாள் அண்ணி.

"சைடுகார்ல என்ன வைக்கிறது?" என்று வயர்லெஸிடம் கேட்டான்.

"தபால் மூட்டைதான், வேற என்ன? தனியாத்தானே போனான்." வயர்லெஸ் குனிந்து பார்த்தார். "மடியில கனம் இல்லாதவன், வழியில பயமில்லாம போய்ச் சேர்ந்துட்டான்."

அவர் மட்டும் சிரித்தார்.

அன்று மதியம் அவன் சாலையைப் போட்டான். பல் அச்சுக்கு வார்க்கும் மாவில் பழுப்புத் தூளைக் கலந்து பலகையில் பரப்பி, ஈரம் இருக்கும்போதே மூன்று சக்கரங்களையும் உருட்டித் தடம் பதித்தான். மூன்றும் ஒரே ஆழம். கால் மணி நேரத்தில் மாவு கல்லாகிவிடும். அதற்குமேல் எஃகு ஊசியால் கீறினாலும் தூள்தான் பறக்கும். ஓரம் சில்லுச் சில்லாக உடையும்.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட வந்தவன் மாடிக்குப் போனான். மூன்றாவது தடம், சைடுகார்ச் சக்கரத்தின் தடம், மற்ற இரண்டைவிட ஆழமாகப் போயிருந்தது. ஓரம் எங்கும் உடையவில்லை. ஈரச் சேறு பிதுங்கியதுபோல் வழவழவென்று மேலெழுந்திருந்தது.

"அண்ணி, மேல யாராவது வந்தாங்களா?"

"நான்தான் துணி எடுக்க வந்தேன். உங்க மேசைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

"அவர் வந்தாரா?"

அவள் முகம் சட்டென்று இறுகியது. "ஏன் தம்பி, அவர் வர்றதுல உங்களுக்கு ஏதாவது வருத்தமா?"

அந்த மனிதரை அவனுக்குப் பிடித்ததில்லை. ஏன் என்று கேட்டால் காரணமும் தெரியாது. ஒருவேளை தன் கையே அறியாமல் அழுத்தியிருக்குமோ என்று தன்னையே சந்தேகித்தான். சாலையை முழுவதும் பெயர்த்தெடுத்து, புதிதாகப் போட்டு, அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

புதன்கிழமை மாலை திறந்தபோது, மூன்றாவது தடம் மறுபடி ஆழமாகியிருந்தது. அவன் வைத்திருந்த தபால் மூட்டை சைடுகாரில் இல்லை. யாரோ தூக்கிப் போட்டதுபோல் சாலையோரம் கிடந்தது.

அளவுக் கவ்வியை எடுத்து அளந்தான். ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல். முப்பத்தைந்தால் பெருக்கினால் ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல். நிஜச் சேற்றில், நிஜச் சக்கரம் அவ்வளவு இறங்க வேண்டுமானால் தபால் காகிதம் போதாது.

ஓர் ஆளின் கனம் வேண்டும்.

வியாழக்கிழமை, காலடிகள் வந்திருந்தன.

வெள்ளரி விதை அளவு பூட்ஸ் தடங்கள். சைடுகாரிலிருந்து இறங்கி, வந்த வழியே திரும்பிப் போயின. ஒன்று முழுசாகப் பதிந்திருந்தது. அடுத்தது வெறும் கோடு.

ஊன்றல், இழுப்பு.

முன்னால் பார்க்க ஒட்டிய சிப்பாயின் தலை பின்னால் திரும்பியிருந்தது. கழுத்து வண்ணத்தில் விரிசல்கூட விழவில்லை. போகிற காலடிகளை அது பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள்.

"கல்யாணத்தை நிறுத்தணும்னா வாயால சொல்லியிருக்கலாமே தம்பி. இப்படிப் பொம்மை வச்சா சொல்றது?"

"நான் தொடல அண்ணி."

"வேற யாரு? பொய்யை நிஜமாட்டம் செய்யிற கை இந்த வீட்டுல உங்களுதுதானே?"

அவன் சாவியை அவள் கையில் வைத்தான். "பூட்டி நீங்களே வச்சிக்குங்க. இன்னொரு சாவி கிடையாது."

சனிக்கிழமை மாலை மழை விட்ட நேரத்தில் வயர்லெஸ் காரில் வந்தார். அண்ணி அவரை நேரே மாடிக்கு அழைத்துப்போனாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அவளே திறந்தாள்.

அறையில் ஈரமண் வாடை. அதோடு பெட்ரோல் வாடை.

காலடிகள் பலகையின் விளிம்புவரை போய் முடிந்திருந்தன. கொழுந்தன் உருப்பெருக்கியைச் சிப்பாயின் முகத்துக்கு நேரே பிடித்தான். மூடிய உதடுகளாகத்தான் அவன் தீட்டியிருந்தான். இப்போது வாய் திறந்திருந்தது. கூப்பிடுகிற வாய். பயறளவு முகத்தில் பல் வரிசை தெரிந்தது. பல் பார்த்துப் பழகிய கண், மேல்வரிசையில் ஓரம் உடைந்த ஒன்றைக் கண்டுகொண்டது.

அண்ணனுடைய பல்.

அவன் உருப்பெருக்கியை வயர்லெஸிடம் நீட்டினான். அவர் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"யார் சொன்னது உங்களுக்கு?" குரல் கிசுகிசுப்பாக இறங்கியிருந்தது.

"எதை?" என்றாள் அண்ணி.

அவர் உருப்பெருக்கியை மேசைமேல் வைத்தார்.

"எதை யார் சொன்னதுன்னு கேக்குறேன்."

"எனக்குக் காலு உடைஞ்சிருச்சு. வண்டியைத் தூக்க முடியல. ஆள் கூட்டிட்டு வரலாம்னுதான் நடந்தேன்."

"கூட்டிட்டு வந்தீங்களா?"

"டூட்டியை விட்டுட்டு ஏன் வண்டில ஏறினேன்னு கேப்பாங்க. அதான்... யாருகிட்டயும்..."

"அவர் கூப்பிட்டாரா?"

வயர்லெஸ் சிப்பாயைப் பார்த்தார்.

"வளைவு வர்ற வரைக்கும் கேட்டுச்சு."

அண்ணி கதவைவிட்டு விலகி வழிவிட்டாள். "போயிருங்க" என்றாள். அவ்வளவுதான்.

அவர் இறங்கினார். ஊன்றல், இழுப்பு. அண்ணியும் பின்னாலேயே வாசல்கதவைச் சாத்தப் போனாள். மாடியில் தனியே நின்ற கொழுந்தனுக்குக் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

இரண்டு முறை கேட்டது.

இன்ஜின் சத்தம் தேய்ந்து மறைந்தபின்தான் அவன் மேசைப் பக்கம் திரும்பினான். மோட்டார் சைக்கிள் இருந்தது. இருக்கையில் பசைத் துளி பளபளத்தது.

ஓட்டியவன் இல்லை.

மேசைக்கடியில் தேடினான். பலகையைத் தூக்கிப் பார்த்தான்.

"தம்பி!" அண்ணியின் குரல் வாசலிலிருந்து வந்தது. "கொஞ்சம் இறங்கி வாங்க."

அவள் ஈர முற்றத்தைக் கைகாட்டினாள். கார் வந்த தடமும் போன தடமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வந்த தடத்தில் ஓட்டுபவர் பக்கம் கொஞ்சம் அழுந்தியிருந்தது.

"தனியாத்தானே வந்தாரு?" என்றாள்.

அவன் குத்துக்காலிட்டு, போன தடத்தில் விரலை விட்டான். ஓட்டுபவர் பக்கத்தில் ஒரு விரற்கடை. மற்ற பக்கத்தில் விரல் இறங்கிக்கொண்டே போனது.