வெளியே நிற்கிற அண்ணன்

ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் உள்ளே வர வழியில்லை. மத்தியான வெயிலில் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, மருந்துப் பையும் தலையணையுமாகத் தங்கை பின்னால் வந்தாள். கீழ்த்தளம் முழுக்கப் பழைய பேப்பர் குடோன். எப்போதும் பூட்டியே கிடக்கும். பக்கவாட்டில் ஒரு தெருக்கதவு, அதைத் திறந்தால் மரப்படி, படியின் பாதியில் ஒரு திருப்பம், மேலே அவர்கள் வீடு. திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. கடைசியில் ஒருவர் அண்ணனைக் கைகளில் வாரி எடுத்துக்கொண்டார்.

"பாத்து ஏத்துங்க," என்றான் அண்ணன். "நான் ஏத்துன லோடுலயே இவ்வளவு லேசா எதுவும் இருந்ததில்ல. காத்துல பறந்துடப் போகுது."

தூக்கியவர் சிரித்துவிட்டார். தங்கை சிரிக்கவில்லை.

அவன் லாரி ஓட்டியவன். வாரக்கணக்கில் போவான், வருவான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. இவள் கைக்குழந்தை. கிளீனராக ஏறியவன், இவளையும் வண்டியிலேயே உட்காரவைத்துக்கொண்டு கொஞ்ச காலம் சுற்றினான் என்று சொல்வார்கள். வளர்த்து, கல்யாணமும் பண்ணி வைத்தான். அது ஒத்துவரவில்லை. பெட்டியோடு அவள் திரும்பி வந்த அன்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் அவள் அறையில் போட்டுவிட்டு, அன்றிலிருந்து தரையில் படுத்தான். அவனுக்கென்று கல்யாணம் இல்லை. யாராவது கேட்டால், ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு எவள் கதவு திறந்துவிடுவாள் என்பான்.

இப்போது அந்தக் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு அவனைக் கிடத்தினார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரிய டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் வழியில் விசாரித்தவர்களிடமெல்லாம், கொஞ்சம் தெம்பு வரட்டும், வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் போகிறேன் என்றாள். வீட்டில் அவளுக்குக் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற வேலை அவளுடையது. மெஷினிலிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து துணி துவைக்க, மறுபடி மெஷினுக்கு. மருந்து கொடுக்கும்போது மட்டும் கட்டிலருகே நிற்பாள்.

"செத்த நேரம் உட்காரேன் பாப்பா," என்பான் அவன். தலை நரைக்கத் தொடங்கியும் அவள் அவனுக்குப் பாப்பாதான்.

"இதோ வந்துட்டேண்ணே," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

தினமும் ஊசி போட ஒரு நர்ஸ் வந்தாள். அவளும் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் ஏதோ பேச நினைக்கிறார், நீங்கள் ஓர் இடத்தில் இருந்தால்தானே பேசுவார் என்று. தைக்க நிறைய இருக்கிறது என்றாள் தங்கை.

தெருவில் நாய்கூட நடக்காத ஒரு மத்தியானம். அவள் உள்ளறையில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். கீழே தெருக்கதவு திறந்தது.

படியில் காலடி.

வலது கால் அழுத்தமாக விழுந்தது. இடது கால் கொஞ்சம் தாமதித்து விழுந்தது. எப்போதோ ஒரு விபத்தில் முட்டி பிசகியதிலிருந்து அந்த நடை அப்படித்தான். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. திருப்பத்தில் நின்று ஒரு செருமல். பிறகு மறுபடியும் கால்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் டீக்குப் பால் வைத்தாள். அந்தச் செருமல் கேட்டதும் எத்தனையோ வருஷமாக அவள் செய்வது அதுதான். யோசிக்க வேண்டியதில்லை. தீக்குச்சியை உரசிக் கையில் பிடித்த பிறகுதான் உறைத்தது.

அண்ணன் முன்னறையில் படுத்திருக்கிறான்.

தீ விரலைச் சுட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். அவன் அங்கேதான் இருந்தான். கண்ணை அகல விழித்து வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். காலடி கதவுக்கு வெளியே வந்து நின்றிருந்தது. கதவுக்கடியில் வெளிச்சக் கோடு இரண்டு இடங்களில் மறைந்திருந்தது. இரண்டு கால் நிற்கிற அளவுக்கு.

டீசல் வாடை வந்தது. கூடவே, மழையில் நனைந்ததைக் காயவைக்காமல் மடித்துவைத்த தார்ப்பாயின் புழுங்கிய வாடை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"யாருண்ணே அது?" என்று கிசுகிசுத்தாள்.

"தெறக்காத," என்றான். "வண்டியோட வந்திருக்கான். ஏறச் சொல்லுவான்."

கொஞ்ச நேரத்தில் நிழல் விலகியது. காலடி, சாவி, செருமல் எல்லாம் வந்தபடியே இறங்கிப் போயின.

தூக்கமில்லாததால் வரும் பிரமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட அதிக நேரம் நின்றது.

பிறகு ஒரு நாள் நர்ஸ் மேலே வந்து, ஊசியை எடுத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். படியில் உட்கார்ந்திருப்பவர் இவருடன் பிறந்தவரா என்று.

"அப்படியே அச்சு. இவரு உடம்புல கொஞ்சம் சதை போட்டா அவரேதான். ஏன் இங்கயே உட்கார்ந்துட்டீங்க, உள்ள வாங்கன்னேன். இன்னும் கூப்பிடலைன்னாரு."

தங்கை டம்ளரைக் கீழே வைத்தாள். எங்களுக்கு வேறு யாரும் இல்லை என்றாள். நர்ஸ் அவளைப் பார்த்தாள், கட்டிலில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். வேலையை முடித்துக்கொண்டு இறங்கும்போது, நடுப்படியில் யாருக்கோ வழி விடுகிறவளைப் போலச் சுவரோடு ஒட்டிக்கொண்டு போனாள்.

அவள் போனதும் தங்கை தாழ்ப்பாளைப் போட்டு, துணி வெட்டுகிற மேஜையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

அதன் பிறகு அண்ணனுக்கு அவஸ்தை கூடிப்போனது. சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் அடியோடு போய்விட்டது. ஒரு கை காற்றில் கியர் மாற்றிக்கொண்டே இருந்தது. வலது பாதம் பிரேக்கைத் தேடி மெத்தையை அழுத்தியது. மேஜையை நகர்த்தச் சொல்லி, கால்வாசி திறந்த கதவு வழியாக நுழைந்து வந்துபோன நர்ஸ், இத்தனை நாள் தாங்குகிற உடம்பு இல்லை இது, எதுவோ பிடித்து வைத்திருக்கிறது என்றாள். தங்கை காது கேளாதவள்போல் பாவாடைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம்தான் அது பேசியது.

"பாப்பா."

கத்தரிக்கோல் கை நழுவி விழுந்தது. இன்ஜின் சத்தத்தையும் மீறித் தெருமுனையிலிருந்து கூப்பிடுவானே, அந்தக் குரல். கட்டிலில் கிடப்பவனிடம் இப்போது அதில் ஒரு நூலிழைகூட மிச்சம் இல்லை.

அவள் மேஜைக்கடியில் நுழைந்து கதவில் காதை வைத்தாள். வாய் தானாகக் கேட்டது, "சாப்டியாண்ணே?"

"எங்க சாப்டறது? வழியெல்லாம் மழை."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அன்றிலிருந்து அவள் கைத்தையலை அங்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேஜைக்கடியில், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பட்டன் தைப்பாள். வெளியிலும் ஒரு முதுகு வந்து சாயும். மரப்பலகை கதகதப்பாகும். எந்தப் பாலம் உடைந்தது, எந்தச் சாலையில் லோடோடு மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது என்று பேச்சு நீளும். பழைய ஜோக்குகளை முழுக்குரலில் சொல்லும். கட்டில் பக்கம் மருந்து நெடியும் உள்ளே ஒடுங்கிய வாயும்தான் இருந்தன. அவளுடைய அண்ணன் இங்கே அல்லவா இருந்தான். கட்டிலில் கிடந்தவனுக்கு ஸ்பூனால் இரண்டு வாய் தண்ணீர் ஊற்றிவிட்டு அவசரமாகத் திரும்பி வருவாள். அவன் ஏதோ முனகுவான். இதோ வந்துட்டேண்ணே என்பாள், முதுகைக் காட்டிக்கொண்டே.

ஒரு நாள் பேச்சுக்கு நடுவே அது சொன்னது, "தெற பாப்பா. உள்ள வரேன்."

அவள் மேஜைக் காலில் கை வைத்தாள்.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். தானாகப் புரண்டு படுக்க முடியாதவன், கட்டிலிலிருந்து விழுந்து, முழங்கையை ஊன்றி ஊன்றித் தரையில் இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். போர்வை ஒரு காலில் சுற்றிக் கூடவே வந்தது. வாய் திறந்திருந்தது. அவள் புடவை நுனியை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"யார்கூட பேசிட்டிருக்க?" என்றான். "நான் இங்க இருக்கேன் பாப்பா."

வெளியே சத்தம் அடங்கியது.

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். எத்தனை நாளாகப் பார்க்காமல் இருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. தாடி வளர்ந்திருந்தது. உதட்டோரம் வெடித்து உலர்ந்திருந்தது. அதைத் துடைத்துவிடக்கூட யாரும் இல்லாமல் கிடந்திருக்கிறான்.

அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை நனைத்து உதட்டைத் துடைத்தாள்.

வெயில் தாழும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை நாளும் அவன் சொல்லத் தவித்தது பெரிய விஷயம் எதுவும் இல்லை. சரியாக விசாரிக்காமல் உன்னை ஒருத்தனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டேன் என்றான். அந்தத் தையல் எப்போதோ பிரிந்து போச்சு, இன்னும் ஏன் நூலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்றாள். நீ வண்டியில் போன நாளெல்லாம், படியில் உன் கால் கேட்கும்வரை நான் கண்ணை மூடியதில்லை என்று அவள் சொன்னாள். அது தனக்குத் தெரியும் என்றும், திருப்பத்தில் நின்று செருமுவதே அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் என்றும் அவன் சொன்னான்.

"எனக்கு பயமா இருக்கு," என்றான்.

ஆளில்லாத காட்டுச் சாலைகளில் தனியாக வண்டி ஓட்டியவன். அவள் அறிய அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. எனக்கும்தான் என்றாள். இரண்டு பேருக்கும் மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது.

"தெற பாப்பா," என்றான் மடியில் கிடந்தவன். "இன்ஜின ஆஃப் பண்ணாம எவ்வளவு நேரந்தான் நிறுத்தி வைக்கிறது."

"தெறந்தா நீ போயிடுவ."

"ஆமா."

அவள் அவன் தலைமுடியைக் கோதினாள். "நான் பாத்துக்கறேண்ணே," என்றாள்.

"எதை?"

"என்னை."

அவனைத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்தாள். யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. மேஜையை இழுத்து ஒதுக்கினாள். தாழ்ப்பாளை நீக்கினாள்.

படியில் சாய்ந்த வெயில் கிடந்தது. தூசி மிதந்தது. யாரும் இல்லை.

பிறகு யாரோ அவளைக் கடந்து உள்ளே போனார்கள்.

குறுகலான வாசலில் பெரிய ஆள் ஒருவர் தோளைத் திருப்பிக்கொண்டு நுழைவது போல. அவள் முழங்கையில் ஈரமாக ஏதோ உரசியது. ரவிக்கையின் கை நனைந்துபோனது. முன்னறையில் வலது கால் விழுந்தது. தாமதித்து, இடது கால் விழுந்தது.

கட்டில் கிரீச்சிட்டது. அதில் கிடந்தவனுக்கு இல்லாத கனத்தில்.

அவள் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். ஒரு கணம் முகம் நிரம்பி, லாரி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிற பழைய முகமாக இருந்தது. சொல்ல வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியும். போ. ஒரே எழுத்து. நாக்கு நுனிவரை அதுதான் வந்தது. ஆனால் அவன் புறப்படும்போதெல்லாம் வாழ்நாள் முழுக்க ஒன்றையே சொல்லிப் பழகிய வாய்.

"போயிட்டு வாண்ணே."

அந்த 'வா'வில் அவன் கண்கள் திடுக்கிட்டன. வேண்டாம் என்பதுபோல் தலையைச் சின்னதாக, வேகமாக ஆட்டினான். ஏதோ சொல்ல உதடு குவிந்தது.

வார்த்தை வரவில்லை. அவள் பிடித்திருந்தது வெறும் கையாகிவிட்டது.

ஆக வேண்டிய காரியங்கள் ஆயின. அதற்குப் பிறகு மத்தியானம் தோறும் அவள் காது படிப்பக்கம் போகும். ஒன்றும் வரவில்லை. காலடி இல்லை, வாடை இல்லை. தாழ்ப்பாள் போடாமலே உட்கார்ந்து பார்த்தாள். அந்த அமைதி முதலில் உறுத்தியது, பிறகு பழகியது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். நர்ஸ் ஒரு முறை பார்க்க வந்தபோது அப்படியே சொன்னாள். அழாமல் சொல்ல முடிந்தது.

மழைக்காலம் முடிந்ததும் வீடு மாறினாள். சீருடைக் கடைக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில் இரண்டு அறை. படி கிடையாது. கட்டிலைக் கொடுத்துவிட்டு மெஷினையும் மேஜையையும் மட்டும் கொண்டுவந்தாள். குடிபோன அன்று சாயங்காலம் விளக்கு மாட்ட எலக்ட்ரீஷியன் வந்தார். அவள் முன்னறையில் நூல்கண்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறை வேலையை முடித்து வெளியே வந்தவர், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அக்கா, உள்ள டியூப்லைட் போடலை. சின்ன பல்பா மாட்டிட்டேன். படுத்திருக்கிறவரு வெளிச்சம் கண்ணைக் குத்துதுன்னாரு."

அவள் அவரையே பார்த்தாள்.

"உடம்பு முடியாதவரு போல. வெறுந்தரையில கிடக்கறாரு. எதாவது போத்தி விடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கதவுக்கு மேலிருந்த கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துணி மூட்டையைப் பிரித்து ஒரு போர்வையை எடுத்தாள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதவருகே போனாள். தள்ளுவதற்காகக் கையை நீட்டினாள்.

உள்ளே சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. விளக்கு அணைந்தது.